ஒரே இரவில் நிலாவை உருண்டையாக்கலாமா? (3டி வானப் படங்கள், திருகோணமலை)

மொட்டைமாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 6 அங்குல டொப்சோனியன் டெலஸ்கோப் ஒன்று, அரைவிலைக்கு வாங்கிய பழைய கமரா, வீட்டு மொட்டைமாடி, அவ்வளவுதான். போன போயாவுக்கு (பௌர்ணமிக்கு) எடுத்த நிலாப்படம் நன்றாகவே வந்தது. ஆசை அதோடு நிற்கவில்லை. 3டி ஆக்கிப் பார்ப்போம் என்று அதே படத்தைப் பிரதி எடுத்து, ஒன்றை முப்பது பிக்சல் பக்கவாட்டில் தள்ளி, ஒன்றுக்குச் சிவப்பும் மற்றதுக்கு நீலப்பச்சையும் பூசி, பக்கத்து வீட்டார் வெசாக் கூடு கட்டி மிஞ்சிய செலோபேன் தாளில் கண்ணாடி செய்து போட்டுப் பார்த்தேன். நிலா திரைக்குப் பின்னால் தள்ளிப் போய் நின்றது, அது வரைக்கும் சரி. ஆனால் சப்பட்டை. என் மருமகளுக்கு எட்டு வயது, கண்ணாடியைப் பறித்துப் போட்டுப் பார்த்துவிட்டு "மாமா, இது அப்பளம்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

எங்கே பிழை விட்டேன்? இன்னும் கூடத் தள்ள வேண்டுமா?

புள்ளிமான் எழுதியது:

பிள்ளை சொன்னது சரியான விமர்சனம் தம்பி.

முழுப் படத்தையும் ஒரே அளவு தள்ளினால் முழு நிலாவும் ஒரே அளவு பின்னால் போகும். முந்நூறு பிக்சல் தள்ளினாலும் தட்டு தட்டாகத்தான் இருக்கும். நமக்கு ஆழம் தெரிவது, கிட்ட இருப்பது கூடவும் எட்ட இருப்பது குறையவும் நகர்வதால். நிலாவின் நடுப்பகுதி அதன் விளிம்பைவிட நமக்கு 1,737 கிலோமீட்டர் கிட்ட இருக்கிறது. ஆகவே நடுவுக்குக் கிட்ட இருக்கும் கோப்பர்நிக்கஸ் பள்ளம் ஒரு அளவு, ஓரத்தில் இருக்கும் கிரிமால்டி வேறு அளவு நகர்ந்தால்தான் உருண்டை தெரியும். ஒரே படத்தை என்ன செய்தாலும் அந்த வித்தியாசம் அதற்குள் இல்லை. இரண்டு இடத்தில் நின்று எடுக்க வேண்டும்.

எவ்வளவு தள்ளி நிற்பது? நம் கண்களுக்கு இடையில் ஆறரை சென்ரிமீட்டர், ஒரு ஆளின் முகத்துக்கு அது காணும், நிலாவுக்குக் காணாது. 3டி படம் எடுப்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு. நிலாவின் சராசரித் தூரம் 384,400 கிலோமீட்டர், முப்பதால் பிரித்தால் ஏறக்குறைய 12,800. பூமியின் விட்டம் 12,742! நிலாவை உருண்டையாகப் பார்க்கப் பூமி அளவு தலை வேண்டும், நல்ல காலம், அந்த அளவில் பூமி ஒன்று நம்மிடம் இருக்கிறது.

மொட்டைமாடி எழுதியது:

அக்கா, அப்போ நான் உலகத்தின் மறுபக்கம் போக வேண்டுமா? ஓட்டோவுக்கே காசில்லை.

ஈஸ்ட்ஹாம் மாமா எழுதியது:

தம்பி, நான் இருக்கிறேன். லண்டனுக்கு வந்து முப்பத்தைந்து வருடம், அதற்கு முன்னால் டச்சுக்குடாவில் இருந்து கடலுக்கு மேலே நிலா எழும்பிப் பார்த்து வளர்ந்தவன். 80 மில்லிமீட்டர் டெலஸ்கோப் ஒன்று கராஜில் கிடக்கிறது. ஒரே நேரத்தில் நீர் அங்கே இருந்து எடும், நான் இங்கே இருந்து எடுக்கிறேன். எங்கட சனம் உலகம் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் இந்த ஒரு விசயத்துக்காவது பிரயோசனம் வரட்டும்.

புள்ளிமான் எழுதியது:

மாமா, நல்ல யோசனை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருகோணமலையில் இருந்து லண்டனுக்குப் பூமியைத் துளைத்து நேர்கோடு போட்டால் 8,000 கிலோமீட்டர் அளவில் வரும், நிலாத் தூரத்தில் ஏறக்குறைய 48இல் ஒரு பங்கு. கொஞ்சம் குறைவு, ஆனால் தெரியும். ஒரே நேரத்தில் எடுப்பதால் வெளிச்சமும் நிழலும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும், அது பெரிய வாய்ப்பு. இடைஞ்சல் என்னவென்றால் இந்த ஆனி ஆடியில் முழுநிலா தெற்கே தாழ்ந்து போகும். எங்களுக்கு அது பரவாயில்லை, உங்களுக்கு பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே ஏறாது.

தம்பிக்கு இன்னொரு வழி இருக்கிறது, ஒரு அடிகூட நகரத் தேவையில்லாத வழி. பூமி சுற்றுகிறது. நிலா எழும்பும்போது நீங்கள் பூமியின் ஒரு ஓரத்தில் நிற்கிறீர்கள், படும்போது மற்ற ஓரத்துக்குக் கொண்டு போகப்பட்டிருப்பீர்கள். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் இந்த விசயத்தில் எங்களுக்குத்தான் லாபம். எட்டரைப் பாகை வடக்கில் இருக்கும் திருகோணமலை அரை நாளில் 12,600 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. லண்டன் அதே நேரத்தில் 8,000ஐத் தொடாது.

அடிவானத்தோடு ஒட்டி எடுக்க வேண்டாம், காற்று அலைக்கழித்து நிலாவை முட்டையாக்கிவிடும். இரண்டு தரமும் 25 பாகை உயரத்தில் இருக்கும்போது எடுங்கள், அதுவும் ஒரே உயரத்தில். நிலா உச்சிக்கு வரும்போது நாங்கள் அதற்குக் கொஞ்சம் கிட்டப் போய்விடுகிறோம், படத்தில் அளவு மாறும். இந்த மாதம் இரவு எட்டரைக்கு ஒன்று, விடிய நாலு மணிக்கு ஒன்று என்றால் 10,000 கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கும்.

மதுரை மொட்டைப்பாறை எழுதியது:

நல்ல விவாதம், நானும் உள்ளே வருகிறேன். மதுரையிலிருந்து. ஒரு சந்தேகம் அக்கா: எட்டு மணி நேரத்தில் நிலாவின் மேல் சூரிய ஒளி விழும் கோணம் மாறிவிடுமே? பள்ளங்களின் நிழல் இரண்டு படத்திலும் வேறுவேறாக இருந்தால் கண் குழம்பாதா?

புள்ளிமான் எழுதியது:

குழம்பும். மணிக்கு அரைப் பாகை அளவில் சூரியன் அங்கே நகர்கிறது, எட்டு மணித்தியாலத்தில் நாலு பாகை. பிறைநிலாவில், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில், அது கண்ணை உறுத்தும். முழுநிலாவில் நிழலே இல்லை என்பதால் தப்பிக்கலாம். வானப் படம் எடுக்கிற எல்லோரும் முழுநிலாவைத் திட்டுவோம், பள்ளம் ஒன்றும் தெரியாது, சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கும் என்று. 3டிக்கு மட்டும் அந்தச் சுண்ணாம்புச் சுவர்தான் வேண்டும்.

பிறைநிலாதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மாதக் கணக்கில் காத்திருக்கலாம். நிலா எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது என்கிறார்கள், அது முழுக்கச் சரியில்லை, பக்கவாட்டில் எட்டுப் பாகை அளவிலும் மேலும் கீழும் ஏழுப் பாகை அளவிலும் தலையை ஆட்டும். அதனால்தான் காலப்போக்கில் 59 சதவீதத்தைப் பார்க்க முடிகிறது. ஒரே பிறையை, தலை வேறுவேறு பக்கம் திரும்பியிருக்கும் இரண்டு மாதங்களில் பிடித்தால் சோடி தயார். 1850களின் கடைசியில் வாரன் டி லா ரூ என்ற வானியலாளர் இங்கிலாந்தில் இருந்துகொண்டு இப்படித்தான் நிலாவை உருண்டையாக்கினார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயும் முன் எடுக்க வேண்டிய காலம் அது. நாங்கள் மெமரி கார்ட் நிரம்பிவிட்டது என்று அழுகிறோம்.

மொட்டைமாடி எழுதியது:

எடுத்துவிட்டேன்! போயா இரவு. எட்டரைக்கு முதல் படம். பிறகு கச்சான் காற்று அனலாய் அடித்துக்கொண்டிருந்தது, நித்திரை வரவில்லை, மூன்றே முக்காலுக்கு மாடிக்கு ஏறினால் வில்லையெல்லாம் உப்புப் பிசுக்கு. துடைத்து எடுப்பதற்குள் நாய்கள் கூடிவிட்டன. நாலு மணிக்கு இரண்டாவது.

ஆனால் பாருங்கள், இரண்டாவது படத்தில் நிலா திரும்பிக் கிடக்கிறது! முதல் படத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த முயல் இதில் மறுபக்கமாக விழுந்துவிட்டது. கமராவை நான் ஒன்றும் செய்யவில்லை. சரி என்று, மென்பொருள் ஒன்றில் இரண்டையும் போட்டு, தானாக ஒன்றின் மேல் ஒன்று பொருத்தும்படி விட்டேன். அழகாகப் பொருத்திக் கொடுத்தது. கண்ணாடி போட்டால் மறுபடி அப்பளம்!

புள்ளிமான் எழுதியது:

எந்த வகைப் பொருத்தம் தெரிவு செய்தீர்கள்? வளைத்து நெளித்துப் பொருத்துவதையா?

மொட்டைமாடி எழுதியது:

ஓம் அக்கா. அதுதான் "சிறந்தது" என்று போட்டிருந்தது.

புள்ளிமான் எழுதியது:

அங்கேதான் போச்சு. அந்த மென்பொருளின் வேலையே இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அழிப்பது. நடுவில் இருக்கும் பள்ளம் நாலு பிக்சல் நகர்ந்திருந்தால் "பிழை" என்று நினைத்து இழுத்து நேராக்கிவிடும். நீங்கள் எட்டு மணித்தியாலம் நித்திரை முழித்துச் சேர்த்த 3டி முழுவதும் அந்த நாலு பிக்சலுக்குள்தான் இருந்தது. சுழற்றலாம், நகர்த்தலாம், அளவைக் கூட்டிக் குறைக்கலாம், அதற்கு மேல் அதன் கை படக்கூடாது.

நிலா திரும்பிக் கிடப்பது சரிதான். எங்கள் ஊரில் எழும்பும்போது அதன் வட துருவம் இடக்கைப் பக்கம் சாய்ந்திருக்கும், படும்போது வலக்கைப் பக்கம். இரண்டையும் வடக்கு மேலே வரும்படி திருப்புங்கள். விளிம்புகளை மட்டும் வைத்துப் பொருத்துங்கள், நடுவை விட்டுவிடுங்கள்.

மொட்டைமாடி எழுதியது:

வந்துவிட்டது, வந்துவிட்டது, ஆனால் உருண்டை இல்லை, சட்டி! உள்ளே குழிந்து, சட்டிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கிறது. நான் ஏதோ சாபம் வாங்கியவன்.

மதுரை மொட்டைப்பாறை எழுதியது:

சாபம் எல்லாம் இல்லை நண்பரே, இடதும் வலதும் மாறிப்போய்விட்டது. எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும். வடக்கு மேலே இருந்தால், உதித்த பின் எடுத்தது வலக்கண்ணுக்கு, மறையும் முன் எடுத்தது இடக்கண்ணுக்கு. யோசித்துப் பாருங்கள், தெற்குப் பார்த்து நின்றால் கிழக்கு உங்கள் இடக்கைப் பக்கம். பூமி உங்களை இரவெல்லாம் கிழக்கே கொண்டுபோகிறது. ஆகவே பிந்தி எடுத்தது எப்போதும் இடக்கண்.

மொட்டைமாடி எழுதியது:

மாற்றினேன். அண்ணா, அக்கா, என்ன சொல்வது என்று தெரியவில்லை. தோடம்பழம் மாதிரி முன்னால் வந்து நிற்கிறது. டைக்கோ பள்ளத்தில் இருந்து கிளம்பும் வெள்ளைக் கோடுகள் வளைவோடு வளைந்து போவது தெரிகிறது. மூக்கில் இடிக்கும் போல. சிவப்பு–நீலப்பச்சையில் ஒன்று, பக்கத்துப் பக்கமாக வைத்து ஒன்று, இரண்டையும் கீழே போட்டிருக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம் மாமா எழுதியது:

பார்த்தேன் தம்பி. கண்ணாடி இல்லாமல் இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வித்தை எனக்கு வராது, கண்ணை மாறுகண் ஆக்கச் சொல்கிறார்கள், இந்த வயதில் அப்படியே நின்றுவிட்டால்?

புள்ளிமான் எழுதியது:

நிற்காது மாமா. படத்துக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு விரலைப் பிடித்து விரல் நுனியைப் பாருங்கள். பின்னால் இருக்கும் இரண்டு படமும் மூன்றாகத் தெரியும். நடுவில் இருப்பதைக் கவனித்துக்கொண்டே விரலை மெதுவாக எடுங்கள். ஒன்று, இந்த முறைக்கு இடப்படம் வலப்பக்கமும் வலப்படம் இடப்பக்கமும் இருக்க வேண்டும், தம்பி அப்படித்தான் வைத்திருக்கிறார். போன் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் கண்ணாடி இருந்தால் அதற்கு மாற்றாமல் நேராக வைக்க வேண்டும். ஸ்டீரியோ போட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருள் இதையெல்லாம் ஒரு கிளிக்கில் மாற்றித் தரும்.

கிண்ணியாக் கரை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். கிண்ணியாவில் இருந்து. பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போய்ப் போய் இந்தப் பைத்தியம் பிடித்தவன் நான். நிலாவோடு நிற்காமல் இன்னும் கிட்ட ஒன்றை எடுக்கலாமே தம்பி? சர்வதேச விண்வெளி நிலையம் 420 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. முப்பதால் பிரித்தால் 14. கிண்ணியாவுக்கும் உப்புவெளிக்கும் காகம் பறக்கிற தூரம் 12, 13 இருக்கும். நீங்கள் உங்கள் மாடியில், நான் என் முற்றத்தில், ஒரே நேரத்தில் ஒரே நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்து எடுத்தால் அந்தக் கோடு நட்சத்திரங்களுக்கு முன்னால் மிதக்கும்தானே?

மொட்டைமாடி எழுதியது:

கிண்ணியா நானா, நாளைக்கே!

புள்ளிமான் எழுதியது:

அவசரப்படாதீர்கள் இரண்டு பேரும். அது வினாடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒருவர் ஒரு வினாடி பிந்தி அமுக்கினால் உங்கள் 13 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் பிழையாகப் போய்விடும். நேரத்தைச் சரியாகப் பிடிக்க ஏதாவது ஒழுங்கு செய்யுங்கள். கமராக்களும் ஒரே வில்லையில், ஒரே அளவில் இருக்க வேண்டும்.

கிண்ணியாக் கரை எழுதியது (மூன்று நாள் கழித்து):

எடுத்தோம். இரண்டு போனின் மணிக்கூட்டையும் இணைய நேரத்துக்கு வைத்து, வாட்சப் கோலில் ஒருவருக்கொருவர் எண்ணிக்கொண்டு, இரண்டு பேரும் வடமேற்குப் பார்த்து எடுத்தோம். கோடு அழகாக, இடமிருந்து வலமாகப் படத்துக்குக் குறுக்கே போயிருக்கிறது. ஆனால் 3டி இல்லை. நட்சத்திரங்களோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கோட்டின் இரண்டு முனையில் மட்டும் என்னவோ துடிக்கிற மாதிரி இருக்கிறது.

புள்ளிமான் எழுதியது:

நானா, ஒரு நூலை இடம் வலமாக இழுத்துக் கட்டிவிட்டு அதை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினால் யாருக்குத் தெரியும்? நூல் நகர்ந்ததா இல்லையா என்பது முனையில் மட்டும்தான் தெரியும். உங்களுக்கு நடந்தது அதுதான். கண்கள் இரண்டும் கிடையாக இருப்பதால் கிடைக்கோட்டின் ஆழத்தை அவற்றால் அளக்க முடியாது. கோடு செங்குத்தாக, இல்லாவிட்டால் நன்றாகச் சரிந்து வரவேண்டும்.

உச்சிக்கு மேலால் போகிற நாளைத் தேடுங்கள். தென்மேற்கில் எழும்பித் தலைக்கு மேலே வந்து வடகிழக்கில் இறங்குகிற பாதை நல்லது. கமராவை நிமிர்த்தி வைத்து வடகிழக்கில், கடல் பக்கம், அது இறங்குவதைப் பிடியுங்கள், கோடு மேலிருந்து கீழாக வரும். நேர்கிழக்கு என்றால் உங்கள் 13 கிலோமீட்டரும் முழுசாகக் கிடைக்கும், வடகிழக்கில் குறையும், போகட்டும். நேர்வடக்கைப் பார்த்து எடுத்தால் மட்டும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, ஒருவருக்குப் பின்னால் ஒருவர் நிற்கிற மாதிரி ஆகிவிடும். கிழக்கே பார்க்கும்போது வடக்கு இடப்பக்கம், ஆகவே உப்புவெளிப் படம் இடக்கண், கிண்ணியாப் படம் வலக்கண்.

மதுரை மொட்டைப்பாறை எழுதியது:

நீங்கள் அந்தப் பக்கம் பிஸியாக இருக்கும்போது வியாழனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாவற்றிலும் சுலபமானது அதுதான். நாம் நகர வேண்டாம், அதுவே பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு வீடியோ எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் போட்டு அடுக்கினால் ஆறு டிகிரி வித்தியாசம் கிடைக்கும், பளிங்கு உருண்டை மாதிரி வரும். இங்கேயும் பிந்தி எடுத்தது இடக்கண். செவ்வாய் என்றால் இதே ஆறு டிகிரிக்கு 25 நிமிடம் காத்திருக்க வேண்டும். சனி உருண்டை இப்படி வராது, அதன் மேல் பிடித்துக்கொள்ளப் பெரிதாகப் புள்ளி எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. வியாழனின் நிலாக்களில் ஒன்றான ஐயோ (Io) வியாழனுக்கு முன்னால் கடக்கும்போது எடுத்தால் அது மேற்பரப்பைவிட வேகமாக நகர்வதால் முன்னால் மிதந்து நிற்கும், பார்க்க ஜோராக இருக்கும். அதன் நிழலும் அதே வேகத்தில் ஓடுகிறதே! ஆகவே மேகத்தின் மேல் விழுந்து கிடக்க வேண்டிய நிழலும் அந்தரத்தில் தொங்கும். என் முதல் படத்தில் அதைக் கவனிக்காமல் "பாருங்கள், உண்மையான ஆழம்" என்று எல்லோருக்கும் அனுப்பி வைத்தேன், இன்றுவரை வெட்கம்.

ஈஸ்ட்ஹாம் மாமா எழுதியது:

நெபுலாக்களை, அந்தப் புகைமண்டலங்களை, 3டியில் போடுகிறார்களே, அது எப்படி? அதற்கும் இப்படிக் காத்திருந்தா எடுக்கிறார்கள்?

மதுரை மொட்டைப்பாறை எழுதியது:

இல்லை ஐயா, அது கட்டுவது, எடுப்பது இல்லை. பூமி சூரியனைச் சுற்றி ஆறு மாதத்தில் 30 கோடி கிலோமீட்டர் நகர்கிறது, அவ்வளவு நகர்ந்தும் மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா ஒன்றரை ஆர்க் விநாடிதான் அசையும் (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் விநாடி). உண்மையாகவே நட்சத்திரத்தை 3டியில் எடுத்தது என்றால் 2020 ஏப்ரலில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்ததைத்தான் சொல்ல வேண்டும். புளூட்டோவைத் தாண்டி, சுமார் 700 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து பிராக்சிமாவையும் வுல்ஃப் 359 என்ற நட்சத்திரத்தையும் படம் எடுத்தது, அதே சமயம் பூமியிலிருந்தும் எடுத்தார்கள். இரண்டு இடத்துப் படத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு சோடியிலும் அந்த ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் முன்னால் வந்து நிற்கும்.

நான் செய்வது இப்படி. இப்போது ராத்திரியில் விருச்சிகம் நன்றாக இருக்கிறதல்லவா, கேட்டை நட்சத்திரத்தின் பக்கத்தில் எம்4 என்ற உருண்டை நட்சத்திரக் கொத்து இருக்கும். வானத்தில் ஒன்றே கால் டிகிரிதான் இடைவெளி. ஆனால் கேட்டை 550 ஒளியாண்டு அளவில், எம்4 ஏறக்குறைய 6,000. கையா விண்கலம் கோடிக்கணக்கான நட்சத்திரங்களுக்குத் தூரம் அளந்து எல்லோருக்கும் இலவசமாக வைத்திருக்கிறது. சிரில் என்ற மென்பொருளில் படத்தை அடுக்கி, ஸ்டார்நெட் என்ற இன்னொன்றால் நட்சத்திரங்களைத் தனியே உரித்து, தூரத்துக்குத் தக்கபடி ஒவ்வொன்றையும் இடம் நகர்த்துவேன். புகைமண்டலத்துக்குத் தூரப் பட்டியல் கிடையாது, அங்கே யோசிக்க வேண்டும். கரிய தூசி பின்னாலுள்ள ஒளியை மறைத்தால் அது முன்னால் இருக்கிறது. ஓரம் பளிச்சென்று இருந்தால் அந்த ஓரம் சூடான நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓரியன் நெபுலா நாம் எட்டிப் பார்க்கும் ஒரு குழி. பின்லாந்தில் ஜே.பி. மெட்சாவைனியோ என்பவர் இந்த வழியில் செய்த படங்களைப் பார்த்துத்தான் நான் தொடங்கினேன்.

ஈஸ்ட்ஹாம் மாமா எழுதியது:

அப்போ அது பொய்தானே தம்பி. அந்தப் பிள்ளை நித்திரை முழித்து எடுத்த நிலா எங்கே, நீர் கதிரையில் இருந்துகொண்டு நகர்த்திய நட்சத்திரம் எங்கே.

மதுரை மொட்டைப்பாறை எழுதியது:

பொய் என்றால் வரைபடமும் பொய்தான் ஐயா. தூரம் நிஜம், அளவை மட்டும் பெருக்கிக் காட்டுகிறேன், அதை எழுதியும் வைக்கிறேன்.

புள்ளிமான் எழுதியது:

இரண்டு பேர் பக்கமும் பாதி பாதி. நட்சத்திரத்தைத் தூரப் பட்டியலைப் பார்த்து நகர்த்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை, படத்துக்குக் கீழே "கட்டியது" என்று ஒரு வரி போதும். எனக்கு எரிச்சல் வருவது வேறொரு கூட்டத்திடம். ஒரே படத்தைச் செயலியில் போட்டு, அது வெளிச்சமானது எல்லாம் கிட்ட, இருட்டு எல்லாம் எட்ட என்று ஊகித்துக் கொடுப்பதை "3டி நெபுலா" என்று பகிர்கிறார்கள். குதிரைத்தலை நெபுலாவை அப்படிப் போட்டுப் பார்த்தேன், குதிரை சுவருக்குள் துளையாகப் போய்விட்டது. உண்மையில் அது ஒளிக்கு முன்னால் நிற்கும் தூசி!

இன்னொன்று. சிவப்பு நெபுலாவைச் சிவப்பு–நீலப்பச்சைக் கண்ணாடிக்குப் போடாதீர்கள், சிவப்பெல்லாம் ஒரு கண்ணுக்குப் போய்விடும், மற்றக் கண்ணுக்குக் கறுப்பு. கறுப்பு வெள்ளையாக்கிவிட்டுப் போடுங்கள். செலோபேன் தாளிலும் ஒளி ஒழுகும், தம்பி, இரட்டை உருவம் தெரிந்தால் நீலத்தாளை இரண்டு மடிப்பாக்கிப் பாருங்கள்.

மொட்டைமாடி எழுதியது:

வால்வெள்ளிக்கு? 2024 புரட்டாதி விடியற்காலையில் சுசின்ஷான்–அட்லஸ் கடலுக்கு மேலே எழும்பினபோது பத்து நிமிட இடைவெளியில் எடுத்த படங்கள் சில கிடக்கின்றன.

புள்ளிமான் எழுதியது:

அது இருந்தால் பொக்கிசம், இதுவரை ஏன் சொல்லவில்லை? வால்வெள்ளி நட்சத்திரங்களுக்கிடையில் தானாக நகர்வதால் சோடி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நகர்ந்த திசை கிடையாக வரும்படி இரண்டு படத்தையும் திருப்புங்கள், முன்னால் வராமல் பின்னால் போனால் இடம் வலம் மாற்றுங்கள், அவ்வளவுதான். பத்து நிமிடம் குறைவாக இருந்தால் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் எடுங்கள்.

கிண்ணியாக் கரை எழுதியது (பத்து நாள் கழித்து):

கிடைத்தது! இரவு ஏழேகாலுக்கு, நல்ல உச்சிப் பாதை. என் பக்கம் மட்டும் ஒரு முகில் துண்டு வந்து நின்றது, அதனால் படத்தின் ஒரு மூலையைப் பார்த்தால் ஒரு கண்ணில் முகில், மற்றதில் நட்சத்திரம், தலை சுற்றும். அதை வெட்டிவிட்டேன். மிச்சத்தில் கோடு நட்சத்திரங்களை விட்டுக் கழன்று, மேலே எட்டவும் இல்லை கிட்டவும் இல்லாமல் ஒரு கம்பி மாதிரித் தொங்குகிறது. மேல் முனை எங்களுக்குக் கிட்ட, கீழே போகப் போகத் தூரம் போவதுகூடத் தெரிகிறது. உம்மா பார்த்துவிட்டு, இது கிண்ணியாவுக்கு மேலேயா உப்புவெளிக்கு மேலேயா என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை, கடலுக்கு மேலே என்றேன்.

மொட்டைமாடி எழுதியது:

நானாவின் படமும் என் படமும் சேர்த்த சோடி கீழே. கண்ணாடி மருமகளிடம் இருக்கிறது, திருப்பித் தரமாட்டாளாம், பள்ளிக்கூடம் கொண்டுபோக வேண்டுமாம். புதிதாக ஒன்று செய்ய நீலத்தாள் தேடிக் கடை கடையாக அலைகிறேன்.

மாமா, மாசியில் ஏழாம் எட்டாம் பிறை கார்த்திகை மீனுக்குக் கிட்டப் போகும்போது எடுப்போமா? அங்கே பொழுது பட்ட கையோடு நீங்கள் எடுக்க வேண்டும், இங்கே இரவு பதினொன்றாகும், நிலா மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். அக்கா சொல்கிறார், என் படத்தோடு ஒப்பிட்டால் உங்கள் படத்தில் நிலா கார்த்திகையில் இருந்து அதன் அகலத்தைவிடக் கூடத் தள்ளி நிற்குமாம். மழையும் அதற்குள் விட்டிருக்கும். அரை மணித்தியாலம்தான் இரண்டு பேருக்கும் கிடைக்கும்.

ஈஸ்ட்ஹாம் மாமா எழுதியது:

ஓம், எடுப்போம். கராஜில் இருந்து டெலஸ்கோப்பை வெளியே எடுத்துவிட்டேன், உள்ளே சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. இங்கே மாசியில் முகில் இல்லாத மாலை கிடைப்பது அருமை, நாலைந்து மாதத்துக்கு முயற்சி செய்கிற மாதிரி வைத்துக்கொள்வோம். நேரத்தை இலங்கை மணிக்கும் லண்டன் மணிக்கும் இரண்டுக்கும் எழுதி அனுப்பும், நான் கூட்டிக் கழித்துப் பிழை விட்டுவிடுவேன்.